'படும்' என்னும் முற்றும் ஒரு வெள்ளநீர்க் கால்வாயும்



இலக்கிய மேடையில் அரசின் வரவு செலவுத் திட்டத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் தமிழுக்கும் கருவூலத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 1947 நவம்பர் 26 அன்று விடுதலை இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையைப் படித்த ஆர்.கே.சண்முகம் செட்டியார், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர். தமிழக நிதியமைச்சர்களாக விளங்கிய நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றவர்கள். வண்ணாரப்பேட்டையில் வட்டத்தொட்டி கூட்டிய ரசிகமணி டி.கே.சி.யே இந்து அறநிலைய ஆணையராக இருந்து கோயில்களின் வரவு செலவோடு பழகியவர்தாம். கவிதையை வாய்விட்டுப் படித்துச் சுவைத்தவருக்குக் கணக்கு ஏடு அயலாக இருக்கவில்லை. இன்றைய தமிழ் வகுப்பறைக்கு மட்டும் அது அயலாகிப் போனது வருந்தத்தக்கது.

'பட்ஜெட்' என்ற சொல் சிறிய தோற்பையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று வரவு செலவுத் திட்டம். மற்றொன்று நிதிநிலை அறிக்கை. இரண்டும் ஒன்றென்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. உண்மையில் திட்டம் என்பது இனி நடக்கவேண்டியதைக் கூறுவது. அறிக்கை என்பது நடந்ததையும் இருப்பதையும் கூறுவது. அரசியலமைப்புச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு மாநில அரசிடம் கேட்பது ஆண்டு நிதிநிலை அறிக்கையைத்தான். 'பட்ஜெட்' என்ற சொல் அப்பிரிவில் இல்லை. ஆனால் சட்டமன்றத்தில் உரை படிக்கப்படும் நாளில் செவியில் விழுவதெல்லாம் திட்டமே. அறிக்கை அச்சிட்ட தொகுதிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அத்தொகுதிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு செலவினத்துக்கும் எதிரே நான்கு பத்திகள் இருக்கக் காணலாம். முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பாண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்பன அவை. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. இப்படி முக்காலமும் அருகருகே நிற்கும் வேறு உரைநடை தமிழில் அரிது. பேச்சாக வரும்போதோ மூன்றில் இரண்டு மறைந்து எதிர்காலம் ஒன்றே எஞ்சுகிறது. 'அமைக்கப்படும்', 'சீரமைக்கப்படும்', 'வழங்கப்படும்' என்று வாக்கியங்கள் முடிகின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த முற்று மாறுவதில்லை. தமிழில் 'செய்யும்' என்னும் வாய்பாடு வழக்கத்தையும் குறிக்கும். 'திருவிழா ஆண்டுதோறும் கொண்டாடப்படும்' என்பது போல 'கால்வாய் ஆண்டுதோறும் அமைக்கப்படும்' என்று அதைப் படித்துவிட இடமிருக்கிறது. சில திட்டங்களுக்கு அப்பொருளே பொருந்தியும் விடுகிறது.

பவணந்தியார் நன்னூலில் வினை என்பது எவற்றைத் தெரிவிக்கவேண்டும் என்று ஆறு பொருள்களைக் கூறுகிறார். செய்பவர் யார், எந்தக் கருவியால், எவ்விடத்தில், என்ன தொழில், எக்காலத்தில், எதனைச் செய்து என்பனவே அவை. மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் நூற்பா அது. ஆனால் மாநில அரசின் நிதிச் சீர்திருத்தம் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவற்றைக் காட்டிலும் கூர்மையான அளவுகோல் அதற்குள் இருக்கிறது. ஓர் அறிவிப்பை எடுத்துக்கொண்டு இந்த ஆறையும் கேட்டுப் பார்க்கவேண்டும். நெல்லைச் சீமையில் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம்.

தாமிரபரணியிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,758 மில்லியன் கனஅடி வெள்ளநீர் கடலில் கலக்கிறது என்பது பொதுப்பணித் துறையின் கணக்கு. அதில் 2,765 மில்லியன் கனஅடியை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, தெற்கே திருப்பி விடுவது திட்டத்தின் நோக்கம். கன்னடியன் கால்வாயில் வெள்ளங்குளி அருகே பிரிந்து, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் ஓடி, சாத்தான்குளம் வட்டத்து எம்.எல்.தேரியில் முடியும் ஒரு வெள்ளநீர்க் கால்வாய். வழியில் நாங்குநேரி, இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து மானாவாரி நிலங்கள். 252 குளங்களும் 5,220 கிணறுகளும் பயன்பெறும் என்றும், 23,040 எக்டேர் பாசனம் பெறும் என்றும் கணக்கிட்டார்கள். ஆற்றங்கரையில் இருபோகம் விளையும் வயலுக்கும் சில காத தூரத்தில் பனையும் உடைமரமும் மட்டுமே நிற்கும் செம்மணல் தேரிக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தேரி மக்களில் எத்தனையோ குடும்பங்கள் சென்னைக்கும் மும்பைக்கும் பெயர்ந்து கடை வைத்துப் பிழைத்ததன் பின்னணியும் அதுதான்.

திட்டம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. 2009-இல் பணி தொடங்கியது. மதிப்பீடு ரூ.369 கோடி. அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி. நிதியமைச்சர் பேராசிரியர் அன்பழகன். நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பணியில் முதலிரு கட்டங்களும் வேகமாக நடந்தன. பிறகு வேகம் குறைந்தது. நிலம் எடுப்பதில் தாமதம், மைய அரசின் உதவித்தொகைக்கான காத்திருப்பு, 2011-இல் ஆட்சி மாற்றம் எனக் காரணங்கள் பல. 2013-இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டம் 2014 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபின் நிலத்துக்குரிய இழப்பீடும் உயர்ந்தது. அது நிலம் கொடுத்த உழவர்க்கு நியாயமான உயர்வுதான். திருத்திய மதிப்பீடு ரூ.872 கோடியாயிற்று. அதுவும் போதாமல் ஏறத்தாழ ரூ.1,060 கோடியாக வளர்ந்தது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கால்வாயில் வெள்ளோட்டம் விடப்பட்டது.

அதற்குச் சில வாரங்கள் முன்னர், 2023 டிசம்பர் 17, 18 நாள்களில், தாமிரபரணி வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேலாகப் பெருகி ஓடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருவைகுண்டமும் ஏரலும் தீவுகளாயின. கால்வாய் முன்பே முடிந்திருந்தால் அவ்வெள்ளம் தணிந்திருக்கும் என்று சிலர் எழுதினார்கள். அது மிகைக்கூற்று. சில ஆயிரம் கனஅடி கொள்ளும் கால்வாய் அப்பெருக்கின் முன் சிறு வடிகாலே. வெள்ளத்தைக் காட்டிலும் முந்தைய ஆண்டுகளில் அமைதியாகக் கடலுக்குப் போன நீரே இங்கு எண்ணத்தக்கது. ஒவ்வோராண்டும் வாய்த்த அளவு அந்நீர் தேரிக்குச் சேர்ந்திருந்தால் எத்தனை கிணறுகளில் ஊற்று நின்றிருக்கும், எத்தனை வீடுகள் பூட்டப்படாமல் இருந்திருக்கும் என்பதற்கு ஏட்டில் பத்தி இல்லை.

நன்னூலின் ஆறையும் இங்குக் கேட்டுப் பார்ப்போர்க்கு மூன்று விடைகள் உடனே கிடைக்கும். தொழில், அமைத்தல். செயப்படுபொருள், கால்வாய். இடம், வெள்ளங்குளி முதல் எம்.எல்.தேரி வரை. மற்ற மூன்றில்தான் சிக்கல்.

கருவி என்பது இங்குப் பணம். ரூ.369 கோடி என்று சொன்னார்களே என்று கேட்கலாம். ஆனால் சட்டமன்றம் ஒரு நிதியாண்டின் செலவுக்கு மட்டுமே மானியக் கோரிக்கை வழியாக ஒப்புதல் தருகிறது. அறிவிப்பில் ஒலிப்பது முழுத் தொகை. அவ்வாண்டின் கணக்குத் தலைப்பில் இருப்பது அதன் ஒரு பகுதி. மார்ச் 31-க்குள் செலவாகாத பகுதி காலாவதியாகிவிடும். கேட்பவர் முழுமையைக் கேட்கிறார். ஏடு துண்டை எழுதுகிறது. பொய் யாரும் சொல்லவில்லை. எண்ணும் வினையும் சேர்ந்து ஒரு மயக்கத்தைத் தந்துவிடுகின்றன.

செய்பவர் யார் என்பது செயப்பாட்டு வினையில் எளிதில் நழுவும். மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபைச் சேர்க்காவிட்டால் வினைமுதல் தோன்றாமலே வாக்கியம் முற்றுப்பெறும். இக்கால்வாயில் நீர்வளப் பொறியாளர், நிலம் எடுக்கும் வருவாய்த் துறையார், மைய நீர்வளத் துறை, ஒப்பந்தக்காரர், குறுக்கே போகும் நெடுஞ்சாலைக்கும் இரயில் பாதைக்கும் உரியவர்கள் என வினைமுதல் பலர். பலர் இருப்பதாலேயே ஒருவரையும் கேட்க முடியவில்லை.

காலம்தான் முதன்மையானது. இக்கால்வாயின் காலம் ஏன் பதினைந்தாண்டாக நீண்டது என்பதைப் புரிந்துகொள்ள நிதிச் சீர்திருத்தத்தின் வரலாற்றைச் சற்றே நோக்கவேண்டும். 2001-இல் வெளியான வெள்ளை அறிக்கை மாநிலக் கருவூலத்தின் நெருக்கடியை விவரித்தது. 2003-இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை நீக்குவதும் நிதிப் பற்றாக்குறையை மாநில மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் நிறுத்துவதும் அதன் குறிக்கோள்கள். சில ஆண்டுகள் வருவாய் உபரியும் இருந்தது. 2013-14 முதல் மீண்டும் பற்றாக்குறை. 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21-ஆம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி என்றும், அரசின் கடன் சுமையை வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு ரூ.2,63,976 வருகிறது என்றும் கூறியது. மைய வரிகளில் தமிழகத்தின் பங்கு பத்தாவது நிதிக்குழுவில் 6.637 விழுக்காடாக இருந்து பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 விழுக்காடாகச் சுருங்கியதும், 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் மாநிலம் தானே வரி விதிக்கும் உரிமை குறைந்ததும் இப்படத்தில் அடங்கும்.

வரவு இவ்வாறு இறுகிவிட்டால் செலவில் எதைக் குறைப்பது? ஊதியத்தை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியாது. ஓய்வூதியமும் கடன் வட்டியும் அப்படியே. உணவு மானியத்திலோ மின்சார மானியத்திலோ கைவைத்தால் தெருவில் குரல் எழும். குரல் எழாதது கால்வாய் ஒன்றுதான். வெட்டப்படாத கால்வாய் ஊர்வலம் போவதில்லை. ஆகவே 3 விழுக்காடு என்ற எல்லை பல ஆண்டுகளில் மூலதனப் பணிகளைத் தள்ளிப்போட்டே காப்பாற்றப்படுகிறது. ஏட்டில் அது சிக்கனமாகத் தெரியும். ரூ.369 கோடிக்கும் ரூ.1,060 கோடிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ரூ.691 கோடியில் பெரும்பகுதி விலைவாசியும் இழப்பீடும் உயர்ந்ததன் விளைவே என்று பொறியாளர்கள் கூறக்கூடும். அது மெய்யே. ஆனால் அந்த உயர்வைச் சந்திக்க நேர்ந்ததே காலம் நீண்டதால்தான். தாமதத்துக்கான செலவு என்ற தலைப்பு எந்த ஆண்டின் கணக்கிலும் கிடையாது.

சொல்லாட்சியும் இங்கு இடறுகிறது. 'வருவாய்ச் செலவு' என்றால் என்ன? வருவாய் என்றால் வரவு. அதன் அருகில் செலவு. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் எதிரெதிரான இரு சொற்கள் ஒட்டி நிற்கின்றன. அன்றாடம் கரைந்துபோகும் செலவு என்பது அதன் பொருள். நிலைத்து நிற்கும் சொத்தை ஆக்கும் செலவு மூலதனச் செலவு. நடப்புச் செலவு, ஆக்கச் செலவு என்று வழங்கினால் பள்ளி மாணவருக்கும் விளங்கும். அகராதிக் குழுக்கள் இதைக் கவனிக்கலாம். எனினும் பெயரை மாற்றினால் மட்டும் தீராத குறை ஒன்று இப்பிரிவினையில் உண்டு. புதிய அணை கட்டினால் அது மூலதனம். இருக்கும் அணையில் தூர் வாரினால் அது பராமரிப்பு. வருவாய்ச் செலவில் சேரும். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைப்பதே சீர்திருத்தம் என்று வகுத்துவிட்டால் தூர் வாருவதும் வீண்செலவும் ஒரே வரிசையில் நிற்கும்.

இதன் விளைவைத் தாமிரபரணியிலேயே காணலாம். ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழும் வெள்ளையர்க்கு முற்பட்டவை. எட்டாவதான திருவைகுண்டம் அணைக்கட்டு 1873-இல் முடிவுற்றது. அதில் படிந்த வண்டலும் மண்டிய உடையும் பல்லாண்டுகள் பேசுபொருளாக இருந்தன. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின்னரே தூர் வாரும் பணி தொடங்கியது. ஏட்டில் எழவேண்டிய கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தது.

முற்காலத்தில் இச்செலவு அரசின் ஏட்டிலேயே இல்லை. குடிமராமத்து என்ற தொடர் அதற்குச் சான்று. குடி என்ற தமிழ்ச் சொல்லோடு பாரசீகம் வழியாக வந்த மராமத்து சேர்ந்தது. பழுதுபார்த்தல் என்பது பொருள். ஊரார் தம் உழைப்பைத் தந்து வாய்க்காலைச் செப்பனிட்ட வழக்கம் அது. அவ்வழக்கத்தைச் சென்னை மாகாண அரசு 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் ஆணையாக்கியது. வழக்கமாக இருந்தது கட்டளையானதும் தேய்ந்தது என்று சொல்வோர் உண்டு. அக்கருத்தில் உண்மை இருக்கிறது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரை மீட்டு, உழவர்களின் பத்து விழுக்காட்டுப் பங்களிப்போடு, முதற்கட்டமாக ரூ.100 கோடியில் ஏரி குளங்களைச் செப்பனிடத் தொடங்கியது. பெயர் மீண்டது நல்லது. ஆனால் பழைய குடிமராமத்தில் கணக்கு ஊர் மந்தையில் வாயால் சொல்லப்பட்டது. யார் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிவு புதிய ஏட்டுக்கு இன்னும் கைவரவில்லை.

மற்றொன்றும் உண்டு. அரசின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆற்றின் ஆண்டு அப்படியன்று. சூனில் கார் பருவத்துக்கு நீர் திறப்பார்கள். ஐப்பசி வாக்கில் பிசானம் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடை முடியும். வாய்க்கால் வறண்டு கிடந்து மண்வெட்டிக்கு இடம் கொடுப்பது பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களே. அப்போதுதான் பழைய ஆண்டின் பணம் காலாவதியாகிப் புதிய ஆண்டின் மானியக் கோரிக்கைகள் விவாதத்தில் இருக்கின்றன. நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் முடிவதற்குள் கார் நீர் வந்துவிடும். அடுத்து மழை. பணி நடக்கத்தக்க காலமும் பணம் இருக்கும் காலமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கின்றன. பாசனப் பராமரிப்புக்கான தொகையையேனும் மார்ச் 31-இல் காலாவதியாகாமல் சூன் இறுதிவரை செல்லுபடியாக்குவது பெரிய சட்டச் சிக்கல் இல்லாமல் இயலக்கூடியது. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை எந்த உழவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைப் பாதுகாத்தல், பாதுகாத்ததைப் பங்கிடல் என்று அரசின் தொழிலை நான்காக நிறுத்துகிறார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறப்பாட்டு, யானை தானே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிப்பது மிகுதி என்ற உவமையால் வரி திரட்டும் முறையை இடித்துரைக்கிறது. 2019 சூலை 5 அன்று மைய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் அப்பாட்டை எடுத்தாண்டபோது தமிழறிந்தோர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அப்பாட்டு வரவைப் பற்றியது. வள்ளுவரின் நான்காவது தொழிலுக்கு, பங்கிடலுக்கு, ஏற்ற உவமையைக் கவிஞர்கள் இனித்தான் படைக்கவேண்டும். ஊர்களுக்கிடையே பங்கிடுவதை மட்டுமன்றி ஆண்டுகளுக்கிடையே பங்கிடுவதையும் அது காட்டவேண்டும்.

அறிவிப்பே கூடாது என்பது இதன் பொருளன்று. மக்களாட்சியில் வாக்குறுதியும் ஒரு தேவை. தேரியில் கால்வாய் வரும் என்று ஒருவர் அறிவித்ததால்தான் அது பதினைந்தாண்டு கழித்தேனும் வந்தது. காலம் குறித்து முனைந்தால் முடியும் என்பதற்கும் இவ்வூரிலேயே சான்று உண்டு. 2021 செப்டம்பரில் ரூ.15 கோடியில் அறிவிக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகம் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. முதலில் சொன்ன தொகை அதற்கும் போதவில்லை. ஆனால் கட்டடம் எழுந்தது. கண்ணுக்குத் தெரியும் கட்டடத்துக்குக் கிடைத்த வேகம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கால்வாய்க்கு வாய்க்கவில்லை என்பது வேறு செய்தி.

2021 முதல் தமிழக நிதிநிலை அறிக்கை காகிதமின்றிக் கணினித் திரையில் வைக்கப்படுகிறது. வேளாண்மைக்குத் தனி அறிக்கையும் அவ்வாண்டே தொடங்கியது. ஏடுகள் யாவர்க்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டன. எட்டிய ஏட்டில் இன்னும் ஒரு பக்கம் வேண்டும். முன் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டு முடியாமல் இருக்கும் ஒவ்வொரு பணிக்கும் அறிவித்த ஆண்டு, அன்றைய மதிப்பீடு, இன்றைய மதிப்பீடு, இதுவரை செலவான தொகை, முடிக்கவேண்டிய நாள், பொறுப்பேற்ற அலுவலரின் பதவி ஆகியவை மாவட்ட வாரியாக, எளிய தமிழில், அதில் இருக்கவேண்டும். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் அப்படி ஒரு பக்கம் 2012-இல் வெளியாகியிருந்தால், நின்றுபோன மூன்றாம் கட்டத்துக்கு நேரே எழுதவேண்டிய வினை 'அமைக்கப்படும்' என்பதாக இருந்திருக்காது. அவ்விடத்தில் என்ன முற்று வந்திருக்கும் என்பதை எம்.எல்.தேரியில் கிணறு வற்றியபின் பனங்கருப்பட்டியை நம்பி நின்றவர்களே சரியாகச் சொல்லியிருப்பார்கள்.